சாம்பலில் எழுதிய காலக்கணக்கு

டோல்கேட்டிலிருந்து வடக்கு நோக்கித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சென்றால் காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர் எல்லாம் கழிந்து எண்ணூர் வருகிறது. அங்கே கொசஸ்தலையாறு கழிமுகமாக விரிந்து கடலில் கலக்கிறது. சுங்கம் தண்டிய வாயில் மறைந்தாலும் டோல்கேட் என்ற பெயர் மறையவில்லை. 2021-இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் அப்பெயரையே தாங்கியிருக்கிறது. ஊர்ப்பெயர்கள் இப்படித்தான், காரணம் போன பிறகும் படிவாகத் தங்கிவிடுகின்றன. ஆனால் அந்தப் படிவு எந்த ஆண்டில் விழுந்தது என்பதைப் பெயர் தானாகச் சொல்லாது.

கொசஸ்தலையாற்றுப் படுகையின் மேற்பகுதியில், பூண்டிக்கு அருகில், அதிரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. இந்தியாவில் காலம் கணிக்கப்பட்ட மிகப் பழைய மனிதக் கைவேலைப்பாடுகள் கிடைத்த இடங்களுள் அது ஒன்று. அதே ஆற்றின் முகத்துவாரத்தில், அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் சேற்றோடு சேறாகப் படிந்து கிடக்கிறது. ஓர் ஆற்றின் ஒரு முனையில் கற்கருவி, மறுமுனையில் சாம்பல். மண்ணடுக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கணக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வியோடு இவ்விரண்டையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முதலில் விந்தியத்துக்கும் சுமத்ராவுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

1

தமிழ் இலக்கிய வரலாற்றோடு பழக்கமுள்ளவர்களுக்கு இக்கேள்வி புதியதன்று. சங்கப் பாடல்களிலிருந்து அரசர்களின் வரிசையை ஓரளவு கட்டிவிடலாம். இவன் தந்தை, இவன் மகன், இவனைப் பாடிய புலவர் அவனையும் பாடினார் என்று முன்பின் அறியலாம். ஆனால் முன்பின் தெரிவது வேறு, ஆண்டு தெரிவது வேறு. முழு வரிசையையும் இருநூறு ஆண்டுகள் மேலே தூக்கி வைத்தாலும் கீழே இறக்கி வைத்தாலும் அதன் உள்ளொழுங்கு குலையாது.

அந்த வரிசையைக் காலத்தில் ஆணியடித்து நிறுத்தப் பயன்பட்டது கயவாகு என்ற ஒரே பெயர். சிலப்பதிகாரம் குறிப்பிடும் இலங்கை வேந்தன் கயவாகுவும், மகாவம்சம் சொல்லும் இரண்டாம் நூற்றாண்டு மன்னன் கஜபாகுவும் ஒருவரே என்று கொண்டால், செங்குட்டுவனின் காலம் கிடைத்துவிடுகிறது. செங்குட்டுவன் கிடைத்தால் மற்றவர்களும் கிடைத்துவிடுகிறார்கள். வி. கனகசபைப் பிள்ளை முதலியோர் இந்த ஒப்புமையின்மேல்தான் சங்ககாலக் கணக்கை எழுப்பினர். சிலப்பதிகாரத்தையே பிற்காலத்து நூலாகக் கருதிய எஸ். வையாபுரிப் பிள்ளை போன்றோருக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவர்கள் பக்கத்து ஐயத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: அந்தப் பெயர் அந்த நிகழ்ச்சியோடு உடன்பிறந்ததா, அல்லது பின்னால் வந்த ஒருவர் எங்கிருந்தோ எடுத்துவந்து அங்கே வைத்ததா?

நிலவியலாளர்களும் இதே கேள்வியை இதே வடிவத்தில் கேட்கிறார்கள். அவர்களுடைய கயவாகு எரிமலைச் சாம்பல்.

2

கீழே உள்ள அடுக்கு முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்ற விதியை 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதினார். வெவ்வேறு ஊர்களின் அடுக்குகளை அவற்றிலுள்ள புதைபடிவங்களைக் கொண்டு பொருத்தலாம் என்று வில்லியம் ஸ்மித் காட்டினார். அவருடைய இங்கிலாந்து நிலவியல் வரைபடம் 1815-இல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கேம்ப்ரியன், டெவோனியன், ஜுராசிக் என்று பூமியின் வரலாறு முழுதும் அத்தியாயங்களாக வகுக்கப்பட்டுவிட்டது. ஆனால் எந்த அத்தியாயத்துக்கும் ஆண்டு இல்லை. கதிரியக்கம் கண்டறியப்பட்ட பிறகே அது கைகூடியது. ஆர்தர் ஹோம்ஸ் என்ற இளைஞர் 1911-இல் யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு பாறைகளுக்கு வயது கணித்தார்.

இம்முறைக்கு மிக உகந்த கனிமம் ஜிர்க்கான். எரிமலைக் குழம்பில் படிகமாகும்போது இது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தைப் பெரும்பாலும் விலக்கிவிடும். பிறகு அடைபட்ட யுரேனியம் மிக மெதுவாகச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்று அப்படிகத்துக்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் அங்கேயே பிறந்தது. அதை அளந்தால் படிகத்தின் வயது கிடைத்துவிடும்.

ஆனால் இந்தக் கடிகாரத்தை மணற்பாறைக்கு வைக்க முடியாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்க்கான் நிறைய உண்டு. பல பத்தாண்டுகளாக அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த மணிகளுக்கு வயது பார்த்தால் கிடைப்பது கடற்கரையின் வயதாக இராது. எந்தப் பாறை கரைந்து அம்மணல் வந்ததோ, அந்தப் பாறை உருவான காலமாகவே இருக்கும், அதாவது பல கோடி ஆண்டுகளுக்கு முந்தையதாக. பழைய கோயிலின் கற்களைப் பிரித்துப் புதிய மண்டபம் கட்டினால், கல்வெட்டின் ஆண்டு மண்டபத்தின் ஆண்டாகிவிடுமா? படிவுப்பாறை முழுதும் இப்படிப் பிரித்துக் கட்டிய மண்டபம்தான்.

இங்கேதான் சாம்பல் உதவுகிறது. எரிமலை வெடிக்கும்போது குழம்பு நுரைத்துச் சிதறி, நுண்ணிய கண்ணாடிச் சில்லுகளாகவும் படிகங்களாகவும் வானில் எழுகிறது. அவை நாட்களில், வாரங்களில் நிலத்திலும் நீரிலும் விழுந்து மெல்லிய போர்வையாகப் படிகின்றன. அந்தப் படிகங்களுள் பல வெடிப்புக்குச் சற்றுமுன்தான் உருவானவை. ஆகவே படிகத்தின் வயதும் அடுக்கின் வயதும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. கீழே ஒரு சாம்பலடுக்கும் மேலே ஒன்றும் கிடைத்துவிட்டால், நடுவிலுள்ள ஊமைப் பாறையின் காலம் இரண்டு எல்லைகளுக்குள் அகப்பட்டுவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. ஒரே வெடிப்பின் சாம்பல் ஆயிரம் மைல் பரப்பில் ஒரே சமயத்தில் விழுகிறது. ஒவ்வொரு வெடிப்பின் கண்ணாடிக்கும் தனித்த வேதியியல் முகம் உண்டு. எனவே ஏரிக்கரையில் கிடைத்த அடுக்கும் நடுக்கடலில் கிடைத்த அடுக்கும் ஒன்றே என்று நிறுவிவிட்டால், இரண்டு இடங்களிலும் ஒரே நாளின் நிலமட்டம் தெரிந்துவிடும். ஐஸ்லாந்தின் சிகுர்துர் தோராரின்சன் 1944-இல் இதைத் தனித் துறையாக வகுத்து, சாம்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரும் வைத்தார்.

3

சாம்பல் ஒரு பெரும் வழக்கைத் தீர்த்துவைத்த கதை இந்தியாவிலேயே இருக்கிறது. அகத்தியருக்காகத் தலை தாழ்த்தியது என்று புராணம் கூறும் விந்தியம்தான் அதன் களம். ராஜஸ்தானிலிருந்து பீகார் வரை பரவியுள்ள விந்தியப் படிவுகள் ஒரு பழங்கடலின் அடிமண். சுனார் கல் என்று அசோகன் தூண்களுக்குப் பெயர்பெற்ற மணற்கல்லும் இத்தொகுதியைச் சேர்ந்ததே. இவ்வளவு கனமான படிவில் தெளிவான புதைபடிவங்கள் அரிது என்பதால் அதன் காலம் நெடுநாள் ஊகமாகவே இருந்தது.

1998-இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் அடால்ஃப் ஸைலாகர், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பிரதீப் போஸ், ஃப்ரீட்ரிக் ஃப்ளூகர் மூவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதியது முதற் செய்தி. மத்தியப் பிரதேசத்தின் சோர்ஹட் மணற்பாறையில் புழு போன்ற விலங்குகள் ஊர்ந்து துளைத்த தடங்கள் இருப்பதாகவும், அவை நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்றும் அவர்கள் கூறினர். உலகில் வேறெங்கும் அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன் விலங்குகளின் உறுதியான சுவடு கிடைத்திராத நிலையில் இது திகைப்பூட்டுவதாக இருந்தது.

இரண்டாவது செய்தி நேர் எதிரானது. டேராடூன் வாடியா இமாலய நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரஃபத் அஸ்மி, சோர்ஹட்டுக்கும் மேலே அமைந்த ரோதாஸ் சுண்ணாம்புப்பாறையில் நுண்ணிய ஓட்டுப் புதைபடிவங்களைக் கண்டதாக எழுதினார். அத்தகையவை கேம்ப்ரியன் காலத் தொடக்கத்துக்கு, அதாவது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு உரியவை என்பது அன்றைய பொதுவழக்கு. அப்படியானால் சோர்ஹட் புழுக்களும் ஏறக்குறைய அக்காலத்தவையே. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு கூற்றுகளும் ஒருங்கே மெய்யாக இருக்க வழியில்லை. விவாதம் சூடேறியது. அஸ்மியின் புதைபடிவங்களை மற்றவர்களால் எளிதில் உறுதிசெய்ய இயலவில்லை. இமாலயப் புதைபடிவங்களில் நிகழ்ந்த பெரிய மோசடி ஒன்று 1989-இல் அம்பலமாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. எனவே ஐயம் ஆய்வின்மேல் மட்டுமின்றி ஆய்வாளர்மேலும் விழுந்தது.

தீர்ப்பு 2002-இல் வந்தது. விந்தியப் படிவுகளின் கீழ்ப்பகுதியில் பீங்கான் போல இறுகிய பாறை அடுக்குகள் உண்டு. பார்சலனைட் என்று அழைக்கப்படும் இவை, நீரில் விழுந்து கல்லாகிப்போன எரிமலைச் சாம்பல். அவற்றிலிருந்து ஜிர்க்கான் படிகங்களைப் பிரித்து இரண்டு குழுக்கள் தனித்தனியே வயது கணித்தன. ஜ்யோதிரஞ்சன் ரேயும் அவருடன் பணியாற்றியவர்களும் பெற்ற விடை ஏறத்தாழ 163 கோடி ஆண்டுகள். பிர்கர் ராஸ்முசன் குழுவினர் சோர்ஹட் மணற்பாறைக்குக் கீழே 162.8 கோடி, மேலே 159.9 கோடி என்று இரண்டு எல்லைகளையும் கண்டனர். பிழைக்கு இடம் எண்பது லட்சம் ஆண்டுகள் இருபுறமும். இரு ஆய்வுகளும் 'ஜியாலஜி' இதழில் ஒரே ஆண்டில் வெளியாயின.

அந்த எண் இரு தரப்பையும் ஒருசேரச் சங்கடப்படுத்தியது. பாறை கேம்ப்ரியனைவிட நூறு கோடி ஆண்டுகள் மூத்தது; ஆகவே அஸ்மியின் காலக்கணிப்பு நிற்காது. ஆனால் சோர்ஹட் 'புழுக்கள்' சொன்னதைக் காட்டிலும் ஐம்பது கோடி ஆண்டுகள் பின்னே தள்ளப்பட்டதால் அவை விலங்குகளாக இருப்பதும் நம்பத் தகாததாயிற்று. நுண்ணுயிர்ப் பாய்களில் உண்டான சுருக்கங்களும் வெடிப்புகளும் புழுத்தடம் போலத் தோன்றக்கூடும் என்பது பலர் கருத்து.

கதை அங்கே முடியவில்லை. ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டெஃபான் பெங்ட்சன் சித்ரகூடப் பகுதிப் பாறைகளை எடுத்து மீண்டும் ஆராய்ந்தார். அவரும் மற்றவர்களும் 2009-இல் அறிவித்தது இது: அஸ்மி காட்டிய புதைபடிவங்கள் மெய்யானவை, ஆனால் கேம்ப்ரியன் விலங்குகள் அல்ல, அவற்றுக்கு நூறு கோடி ஆண்டுகள் முந்தியவை. 2017-இல் பெங்ட்சன் குழுவினர் அவற்றுள் சில 160 கோடி ஆண்டுப் பழமையுள்ள செம்பாசிகளாக இருக்கலாம் என்று எழுதினர். அப்படியாயின் உட்கருவுள்ள உயிரணுக்களால் ஆன தாவர வகைகளுள் அறியப்பட்ட மிகப் பழையவை அவை. ஒன்றுக்கு ரஃபதாஸ்மியா சித்ரகூடென்சிஸ் என்று பெயரிட்டனர். ஐயத்துக்கு ஆளான ஒருவரின் பெயர் அந்த உயிருக்கே பெயராயிற்று. அவர் கண்டது கண்டதுதான், காலம்தான் வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லும் வலிமை அவரிடமும் இல்லை, அவரை மறுத்தவர்களிடமும் இல்லை, சாம்பலிடம் இருந்தது.

4

சாம்பல் எப்போதும் இவ்வளவு எளிதாக வாய்திறப்பதில்லை. சுமத்ராவின் டோபா அதற்கு உதாரணம்.

டோபா நமக்கு முற்றிலும் அயலான பெயரன்று. வட சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவாவில், ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் 1088-இல் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. டோபா ஏரிக்கு வடக்கே வாழும் காரோ மக்களிடையே சோலியா, பாண்டியா என்ற குலப்பெயர்கள் உண்டு. அந்த ஏரி, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பின் வாய். நூறு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வாயிலிருந்து எழுந்த சாம்பல் வங்கக்கடலைத் தாண்டி இந்தியா முழுதும் விழுந்தது.

மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில் மார்ட்டின் வில்லியம்ஸும் பிறரும் 1980-களின் தொடக்கத்தில் இந்தச் சாம்பலை அடையாளம் கண்டனர். ஆந்திரத்தில் ஜுர்ரேரு ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஜ்வாலாபுரத்தில் ஆளுயரத்துக்கும் மேலான வெண்சாம்பல் கிடைத்தது. ஊருக்கு அக்கினியின் பெயர் அமைந்தது தற்செயல்தான் போலும்! மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலியோர் அங்கே அகழ்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு உலகக் கவனம் பெற்றது. சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மரபிலான கற்கருவிகள் இருந்தன. டோபா வெடிப்பினால் மனித இனம் ஏறக்குறைய அழிந்தே போயிற்று என்ற கருதுகோள் அப்போது வலுவாக இருந்தது. அழிவுக்கு முன்னும் பின்னும் ஒரே கைகள் ஒரே விதமாகக் கல்லைச் செதுக்கியிருக்குமானால், அந்தக் கருதுகோளை அப்படியே ஏற்க முடியாது. சோன் பள்ளத்தாக்கின் தாபாவில் கிடைத்த சான்றுகளும் 2020-இல் இதே திசையைக் காட்டின.

மகாராஷ்டிரத்தில் குக்டி ஆற்றங்கரையிலுள்ள போரியில் கதை வேறு. அங்கே சாம்பலோடு அஷ்யூலியன் மரபுக் கைக்கோடரிகள் கிடைத்தன. பொட்டாசியம்-ஆர்கான் முறையில் முதலில் வந்த விடை 14 லட்சம் ஆண்டுகள். பின்னர் இன்னொரு கணிப்பு 6 லட்சத்து 70 ஆயிரம் என்றது. கண்ணாடியின் வேதியியலை ஆராய்ந்த வேறு சிலர், இது 75,000 ஆண்டு டோபா சாம்பலேதான் என்று 1990-களில் வாதிட்டனர். ஒரே கைப்பிடிச் சாம்பலுக்கு இத்தனை வயது! இவ்வழக்கு நெடுங்காலம் ஓயவில்லை.

சாம்பல் விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. மழை அதை மலைச்சரிவிலிருந்து வழித்து ஆற்றில் சேர்க்கும், ஆறு வெட்டிய பள்ளத்தில் கொண்டுபோய் நிரப்பும். அப்போது இளஞ்சாம்பல் முதுமண்ணுக்கு அடுத்து வந்து அமர்ந்துவிடுகிறது. முது மணிகள் சில இளஞ்சாம்பலில் கலந்தும் விடுகின்றன. அதிலும் தக்காணம் பழைய எரிமலைப் பாறையால் ஆன நாடு. எனவே சாம்பலின் வயதைக் கணித்தால் போதாது. அது அங்கே விழுந்ததா, வந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். கயவாகுவைப் பற்றி ஐயுற்றவர்கள் கேட்டதும் இதையே.

5

இனி கொசஸ்தலையாற்றுக்குத் திரும்பலாம்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதற் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தை அடைந்தனர். கருவிகள் கூடை கூடையாகக் கிடைத்தன, காலம் கிடைக்கவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அவை முன்பின் மட்டும் தெரிந்த வரிசையாகவே நின்றன. அதிரம்பாக்கத்துக்குக் காலத்தைச் சொன்னது சாம்பல் அன்று. டோபா சாம்பல் அடுக்கு ஒன்று அங்கே இருந்திருந்தாலும் கீழடுக்குகளுக்கு அது பயன்பட்டிருக்காது. அவை அவ்வளவு மூத்தவை.

சென்னையிலுள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே அகழாய்வு செய்தனர். காந்தப்புலத்தின் பழைய திசை ஒரு சான்றாயிற்று. காஸ்மிக் கதிர்கள் இன்னொன்று. திறந்த வெளியில் கிடக்கும் படிகக்கல்லில் இக்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு ஐசோடோப்புகளைத் தெரிந்த விகிதத்தில் உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்ததும் உற்பத்தி நின்றுபோகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால் விகிதம் மாறுகிறது. அந்த மாற்றம், கல் எப்போது மண்ணுக்குள் போனது என்பதைக் காட்டும். 2011-இல் வெளியான முடிவின்படி அக்கைக்கோடரிகளின் சராசரி வயது 15 லட்சம் ஆண்டுகள். 2018-இல், மணல்மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறையால், அடுத்தகட்டக் கருவிமரபு அங்கே சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிவிட்டது என்றும் தெரிந்தது. வானம் சாம்பலைப் பொழியாத இடத்தில் வேறொன்றைப் பொழிந்திருந்தது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள நமக்குத்தான் நாளாயிற்று.

அந்த ஆற்றின் முகத்துவாரத்திலோ சாம்பலுக்குக் குறைவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-களின் தொடக்கத்திலிருந்து 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களின் நடுவில் மின் உற்பத்தியைத் தொடங்கியது. சாம்பலை நீரில் கரைத்துக் குளங்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்தும் உடைந்தும் கழிமுகத்தில் சாம்பல் சேர்ந்தது. மீனவர்கள் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் விரிவான உத்தரவு பிறப்பித்தது. ஆற்றின் ஆழம் குறைவதையும் இறால் அருகுவதையும் அம்மக்கள் எந்தக் கருவியும் இல்லாமல், காலாலும் வலையாலும் அளந்து சொன்னார்கள்.

இந்தச் சாம்பலும் ஒரு காலக்குறிதான். உருப்பெருக்கியில் பார்த்தால் எரிமலைச் சாம்பல் உடைந்த குமிழிகளின் கூரிய சில்லுகளாகத் தெரியும். உலைச்சாம்பலில் பெரும்பகுதி உருண்டை உருண்டையான கண்ணாடி மணிகள். உருகிய துளி காற்றில் பறந்தபடியே குளிர்வதால் அந்த வடிவம். இரண்டையும் யாரும் மயங்கிக் கொள்ள முடியாது. மனிதர் காலம் என்றொரு புதிய நிலவியல் பகுப்பு வேண்டும் என்றவர்கள், நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த துகள்களையும் சான்றுகளுள் ஒன்றாகக் காட்டினார்கள். கனடாவின் கிராஃபோர்டு ஏரி 2023-இல் அதற்கு அடையாள இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2024-இல் முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. பெயர் நிலைக்காவிட்டாலும் படிவு நிலைத்துவிட்டது.

நெடுங்காலம் கழித்து யாரேனும் எண்ணூர்ச் சேறு இறுகிய பாறையை வெட்டி, அந்தச் சாம்பலடுக்கின் ஜிர்க்கானுக்கு வயது பார்த்தால் பெரிதும் குழம்பிப் போவார். இங்கே எரிந்த நிலக்கரியில் பெரும்பங்கு ஒடிசாவிலிருந்து கப்பலேறி வந்தது. அது சுமார் 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடுகளின் எச்சம். உலைக்குத் தப்பிய கனிமத் துகள்கள் அந்தக் காலத்தையோ அதற்கும் முந்தையதையோதான் சொல்லும், நம் காலத்தைச் சொல்லமாட்டா. அவரும் முதலில் கேட்கவேண்டியது அதே பழைய கேள்வியாக இருக்கும்: இது இங்கே விழுந்ததா, கொண்டுவரப்பட்டதா? விடையும் அந்தச் சேற்றிலேயே அவருக்குக் கிடைத்துவிடும். சாம்பலுக்குக் கீழே சிப்பிகள் அடர்ந்திருக்கும், மேலே குறைந்திருக்கும். பக்கத்தில் எரிமலை எதுவும் இராது.